முப்பதுக்கு ஒன்பது வாங்கியவள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பம்பாய் மாட்டுங்கா வீட்டில் பரீட்சை நடக்கும். பரீட்சை எழுதுவது இசைத்தட்டு. மார்க் போடுவது மூன்று ஆண்கள். டிபன் செய்வதும், அவர்கள் சொல்லும் மார்க்கை நோட்டில் எழுதுவதும் நான். அறுபதுகளில் மூன்று வருஷத்துக்கு மேல் இது நடந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையிலும் ஒருவர்கூட என் பக்கம் திரும்பி, "உனக்கு இந்தப் பாட்டு பிடிச்சுதா?" என்று கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் நோட்டும் என் கையில் இருந்தது, வாணலியும் என் கையில் இருந்தது. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். முதலாமவர் என் கணவர். டிராம்பேயில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் குமாஸ்தா. நாள் பூராவும் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர் என்பதால் இங்கிலீஷ் பாட்டு முழுக்க அவர் இலாகா. இரண்டாமவர் தாராவியில் தோல் பெட்டியும் கைப்பையும் செய்கிற பட்டறை வைத்திருந்த பாய். எங்களைப் போலவே திருநெல்வேலிச் சீமைக்காரர். பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் ஒரே இசைத்தட்டை என் கணவர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு இந்தியில் சண்டை போட்டிருக்கிறார்கள். கோபம் முற்றியதும் இரண்டு பேருக்கும் கையிருப்பு இந்தி தீர்ந்துபோய் ஊர்த் தமிழ் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து சிநேகிதம். கவாலி, கஜல், உருது எல்லாம் அவர் இலாகா.

மூன்றாமவர் எங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருந்த ஸ்டெனோ. பகலில் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனி, சாயங்காலம் சபாவில் கச்சேரி. ராகம், தாளம், சுருதி அவர் இலாகா. தட்டு சுற்றத் தொடங்கி அரை நிமிஷத்துக்குள் ராகத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் அவருக்கு அன்று சாப்பாடு செரிக்காது.

ஆளுக்குப் பத்து மார்க், மொத்தம் முப்பது. எங்கள் வீட்டு அலமாரித் தட்டில் நாற்பது இசைத்தட்டுக்கு மேல் நிற்காது என்பதால் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பதினைந்துக்குக் கீழே வாங்கியது அடுத்த வெள்ளிக்கிழமை சோர் பஜாருக்கே திரும்பிவிடும். அங்கே ஒரு பழைய சாமான் கடைக்காரர் ஒன்றைக் கொடுத்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ள விடுவார். வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலில் எவராவது அதை வாங்கிப் போய்விடுவார்கள். இருபத்தைந்துக்கு மேல் வாங்கிய தட்டுக்கு வேறு மரியாதை. நீதிபதிகள் அதை ஆளுக்கு ஒரு வாரம் எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்தில் அப்படிப் போனது நாலோ ஐந்தோதான்.

பரீட்சைக்கு வராத ஜாதி கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய நாடகப் பாட்டு வரும். மைக் இல்லாத காலத்துக் குரல், எங்கள் ஜன்னல் கம்பி அதிரும். மிலிட்டரி பேண்டு வரும். அதற்கு பாய் ஒன்பது போட்டார். அதைப் போட்டால் பட்டறையில் தோல் வெட்டுகிற கைகள் வேகமாக ஓடுமாம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் மேடைப் பாட்டு பாடியது வந்தபோது பாய் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன தம்பி, வீட்ல யாரும் மவுத்தாயிட்டாங்களா? இப்படி அலறுதா?" என்று என் கணவரைக் கேட்டார். அமெரிக்க டிரம்பெட் ஒன்று வந்தது. ஸ்டெனோ ஒரு பக்கம் முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவன் சுருதி சேர்த்துண்டே இருக்கானே, எப்போ ஓய் வாசிக்கப் போறான்?" என்றார். ஒரு மார்க். நோட்டில் மார்க்குக்குப் பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதில் "இன்னும் வாசிக்க ஆரம்பிக்கவில்லை" என்று எழுதினேன்.

நோட்டு எழுதுகிறவளுக்கு ஒரு லாபம் உண்டு. பழைய பக்கங்களைப் புரட்டலாம். ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தேன். மாதக் கடைசி ஞாயிற்றில் வந்த எந்தத் தட்டும் பதினைந்தைத் தொட்டதே இல்லை. சங்கீதமானாலும் சரி, சினிமாவானாலும் சரி, எல்லாம் தோல்வி. மாதக் கடைசியில் எண்ணெய் டின் தட்டினால் ஓசை வரும் நிலையில் இருக்கும், ஆகையால் அன்று ரேஷன் ரவையில் உப்புமா. மாத முதல் ஞாயிறு உளுந்த வடை. அன்று தேறாத தட்டே இல்லை.

நம்பிக்கை வராமல் சோதித்துப் பார்த்தேன். மாத நடுவில் ஒரு ஞாயிறு வேண்டுமென்றே உப்புமா கிண்டினேன். ஷெனாய்த் தட்டு ஒன்று, தங்கமான தட்டு, பதினொன்றில் விழுந்தது. "ஏதோ ஒரு வறட்சி இருக்கு இதுல" என்றார் ஸ்டெனோ. இருந்தது, அவர் தொண்டையில். அந்த ஷெனாய் வெள்ளிக்கிழமை போனபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் மூன்று பெரிய மனிதர்களின் ரசனையை ஒரு கரண்டி எண்ணெயில் தூக்கி நிறுத்தவும் கவிழ்க்கவும் முடியும் என்று தெரிந்த ஆனந்தத்தில் அந்த உறுத்தலை மறந்துபோனேன்.

அப்புறம் அவள் வந்தாள்.

பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு எல்.பி. உறை இல்லை. நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய வட்டக் காகிதத்தை யாரோ தண்ணீர் பட விட்டு, எழுத்தெல்லாம் கலைந்து வெறும் நீலக் கறையாக இருந்தது. பாடுகிறவள் பெயர் இல்லை, ஊர் இல்லை. கிதார் போல ஏதோ ஒன்று, அதற்கு மேல் ஒரு பெண் குரல். பெரிய குரல் இல்லை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே பாடுகிறவள் போலப் பாடினாள். என்ன மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் காதை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தார், இங்கிலீஷ் இல்லை. பாய்க்குத் தெரிந்த அரபியும் இல்லை, உருதும் இல்லை. ஸ்டெனோ தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தார், தாளம் அவர் விரலுக்குள் வரவில்லை.

நான் அடுப்படி வாசலில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மற்ற ஞாயிறுகளில் எனக்கு ஒவ்வொருவரும் பாடம் எடுப்பார்கள். இது இன்ன ராகம், இந்த வரிக்கு இன்ன அர்த்தம் என்று சொல்லிச் சொல்லி, பாட்டு முடிந்துபோயிருக்கும். இவளைப் பற்றிச் சொல்ல எவரிடமும் எதுவும் இல்லை. பம்பாய்க்கு வந்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அந்த ஹாலில் எனக்குத் தெரியாதது மற்றவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு ஓடியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எதற்கென்று தெரியாது. யாரும் காரணம் கேட்கப்போவதில்லை என்பதால் நிம்மதியாக இருந்தது.

ஸ்டெனோ இரண்டு போட்டார். "ராகம் பிடிபடலை." என் கணவர் நாலு. "மொழி தெரியலை." பாய் மூன்று. "யார நெனச்சு இவ பாடுதான்னு வெளங்கல."

முப்பதுக்கு ஒன்பது. என் கையாலேயே எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது. அன்று மாதக் கடைசி ஞாயிறு. டிபன் உப்புமா.

திங்கட்கிழமை அவர் ஆபீஸ் போனதும் தட்டைப் போட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு தரம், சோறு வடிக்கும்போது ஒரு தரம், சும்மா உட்கார்ந்து ஒரு தரம். சாயங்காலம் அவர் வந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, அந்தத் தட்ட மட்டும் திருப்பிக் குடுக்க வேண்டாமே."

"எந்தத் தட்டு? அந்த ஒன்பது மார்க்கா?"

"ஆமா."

"ரூல்னா ரூல்தான். இன்னைக்கு நீ கேக்கேன்னு விட்டா நாளைக்கு ஸ்டெனோ கேக்காரு, பாய் கேக்காருன்னு வரிசையா வரும். யாராவது ஒரு ஜட்ஜ் அப்பீல் பண்ணினாத்தான் மறுபடி மார்க்."

"நீங்க ஜட்ஜுதான?"

"நான் சொந்த வீட்டுக்காரன். நான் பண்ணுனா நல்லாருக்காது."

ஆபீசில் இவர் சொல்லுக்கு யாராவது இவ்வளவு மரியாதை கொடுத்திருந்தால் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பார். மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு வீட்டருகே இருந்த கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவிக்கு நடந்தே போனேன்.

பட்டறையில் பசை வாடையும் பச்சைத் தோல் வாடையும் மூக்கை அடைத்தன. என்னைப் பார்த்ததும் பாய் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"என்ன தங்கச்சி, தம்பிக்கு ஒண்ணுமில்லியே?"

"அவருக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அந்த ஒன்பது மார்க் தட்டுக்கு நீங்க ஒரு அப்பீல் பண்ணணும்."

பாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு அது அவ்வளவு பிடிச்சிருக்கா?" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் தடவை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"பண்ணிருவோம். வியாழக்கெழம சாயங்காலம் வச்சுக்கிடுவோம், வெள்ளிக்கு முந்தி. ஆனா ஒண்ணு தங்கச்சி, உப்புமா வேண்டாம்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை அன்று சம்பளம் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. கீழே போய் ஸ்டெனோவின் மனைவியிடம் ஒரு கிண்ணம் எண்ணெய் கடன் வாங்கினேன். நீதிபதிக்கு அவர் வீட்டு எண்ணெயிலேயே லஞ்சம். முப்பது வடை, தேங்காய்ச் சட்னி, கூடவே கேசரி. தட்டைப் போடுவதற்கு முன்னாலேயே ஆளுக்கு நாலு வடை உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டேன்.

முதல் பாட்டு பாதி ஓடியதும் ஸ்டெனோ கண்ணை மூடினார். "அட! இதுல சிந்துபைரவி சாயல் இருக்கே. அன்னிக்கு எப்படிக் கோட்டை விட்டேன்?" ஒன்பது. என் கணவர் ஐந்தாவது வடையைச் சட்னியில் புரட்டிக்கொண்டே, "துறைமுகத்துல கப்பல் கிளம்பிட்டு. இவ கரையில நிக்கா. போர்ச்சுகீஸா இருக்கும்" என்றார். எட்டு. பாய் என் பக்கம் பார்க்காமலேயே, "இது துஆ. ஆண்டவன்கிட்ட கேக்கா. கேட்டாலே தெரியுதுல்லா" என்றார். ஒன்பது.

இருபத்தாறு. அந்த நோட்டில் அபூர்வமான மார்க். சந்தோஷத்தில் அவசரமாக எழுதியதில் ஆறு கோணலாக விழுந்தது. ஆனால் காரணக் கட்டத்தில் சிந்துபைரவி, கப்பல், துஆ என்று வரிசையாக எழுதியபோது சந்தோஷம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. ஒன்பது மார்க் வாங்கிய அன்று அவளை யாரும் தொந்தரவு செய்யவில்லை. இப்போது மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். போகட்டும், தட்டு நம் வீட்டில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் என் கணவர், "இருபத்தஞ்சுக்கு மேல. சட்டப்படி ஆளுக்கு ஒரு வாரம். அப்பீல் பண்ணினவர் முதல்ல" என்று தட்டைக் காகிதத்தில் சுற்றி பாய் கையில் கொடுத்தார். மார்க் வாங்குவதிலேயே குறியாக இருந்ததில் இந்தச் சட்டம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. பாய் குழந்தையை வாங்குகிறவர் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து வந்த ஞாயிறு காலை, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே பாய் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் செய்த புதுத் தோல் உறை ஒன்றிலிருந்து தட்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"பாருங்க தங்கச்சி. தகரச் செவத்துப் பக்கத்துல வச்சிருந்தேன், வெயில்ல லேசா வளைஞ்சிட்டு. ஊசி துள்ளுச்சு. மனசு கேக்கல. தோலு வளைஞ்சா நாங்க என்ன செய்வோம்? பையில பூப்போடுத சூட்டு அச்சு இருக்குல்லா, அதுல பூ இல்லாத தகட்ட மாட்டி, பதமா சூடு வச்சு அரை மணி நேரம் அழுத்தி எடுத்தேன். இப்பப் பாருங்க, ஒரு மேடு பள்ளம் கெடயாது."

உண்மைதான். ஒரு மேடு பள்ளம் கிடையாது. தட்டு கறுப்புக் கண்ணாடியாக மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது.

என் கணவர்தான் முதலில் புரிந்துகொண்டார். ஆனாலும் தட்டை வைத்து ஊசியை இறக்கினார். ஊசி எங்கும் நிற்கவில்லை. ஷ்ஷ் என்று ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டே போய் நடுவில் இடித்து நின்றது. பாய் குனிந்து பார்த்தார். "கரண்டு சரியில்லியோ?" என்றார். மறுபடி வைத்தார்கள். மறுபடி ஷ்ஷ். "ஓய், பாட்டு அந்தப் பள்ளத்துலதான் ஓய் இருந்தது" என்று ஸ்டெனோ மெதுவாகச் சொன்னார்.

"அவளக் கொன்னுட்டீங்களே அண்ணாச்சி" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். அந்த வீட்டில் அதற்கு முன்னால் நான் அப்படிக் கத்தியதில்லை.

பாயின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சம்பளம் வந்துவிட்டதால் அன்று வடை சுட்டிருந்தேன். வடையை யாரும் தொடவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கிராமபோன் தட்டுக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று என் கணவர் பயந்துபோய் இரண்டு முறை தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு பாய் மேல் கோபம் ஒரு பங்கு, என் மேல் மூன்று பங்கு. ஒன்பது மார்க்கோடு விட்டிருந்தால் அவள் வெள்ளிக்கிழமை யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் இன்றைக்கும் பாடிக்கொண்டிருப்பாள். முப்பது வடை சுட்டு அவளை அச்சு மெஷினுக்கு அனுப்பியது நான்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிறு பரீட்சை நடக்கவில்லை. பாய் வரவில்லை. ஸ்டெனோ மட்டும் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார். நாலாவது வாரம் என் கணவர் சோர் பஜார் போய்விட்டு ஒரு மாதிரியாக வந்தார். "கடைக்காரன் சொல்லுதான், தாராவி சேட், அதான் நம்ம பாய், வெள்ளிக்கு வெள்ளி ஜும்மா தொழுகை முடிஞ்சதும் கடைக்கு வந்து பாடுதாராம்."

"பாடுதாரா?"

"தட்டத் தேடி வாராரு. அவ பேரு தெரியாது, ஊரு தெரியாது, பாஷை தெரியாது. எப்படிக் கேப்பாரு? பாடித்தான கேக்கணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை என் கணவரை அரை நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய ஃபேன், பழைய பூட்டு, உடைந்த கடிகாரம் எல்லாம் குவிந்துகிடந்த அந்தக் கடை வாசலில் சின்னதாக ஒரு கூட்டம். நடுவில் பாய். ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தோல் பசையும் பீடியும் கலந்த அந்தக் கரகரத்த தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. மொழி தெரியாததால் வார்த்தைக்குப் பதிலாக அவராகவே லா லா என்று நிரப்பிக்கொண்டிருந்தார். ஆனால் மெட்டு அப்படியே இருந்தது, பெரும்பாலும். அந்தப் பத்து நாளும் அவர் வேறு எதையும் கேட்டிருக்க மாட்டார். கடைக்காரர் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒன்று பஜனை, ஒன்று வெள்ளைக்காரர் ஆடுகிற போல்கா, ஒன்று குதிரைப் பந்தய அறிவிப்பு. "சேட், யே கானா இதர் நஹீ ஹை. தூஸ்ரா கானா காவ்" என்று, இது இங்கே இல்லை, வேறு பாட்டாவது பாடும்படி கெஞ்சினார்.

பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டார். கை காதிலிருந்து இறங்கியது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சரியாத்தான பாடுதேன் தங்கச்சி? நடுவுல ஒரு எடம் மட்டும் பிடி கெடைக்க மாட்டேங்கு."

அந்த இடம் எனக்குத் தெரியும். மேலே ஏறிவிட்டு, இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்குகிற இடம். அத்தனை ஆண்கள் நிற்கிற பஜாரில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த இரண்டு அடியைப் பாடிக் காட்டினேன். அவர் திருப்பிப் பாடினார். தப்பு என்றேன். மறுபடி பாடினார். என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், என்ன ராகம், என்ன மொழி என்று விசாரிக்கவில்லை. நாலாவது தடவை பாய்க்குச் சரியாக வந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தட்டு கிடைக்கவில்லை. ஞாயிற்றுப் பரீட்சை மறுபடி தொடங்கியது. பாய் மட்டும் வெள்ளிக்கிழமைகளை விடவில்லை. பல வருஷம் கடை கடையாக நின்று பாடியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு தடவை என்னிடம் பாடிச் சரிபார்த்துக்கொண்டுதான் போவார். இன்றைக்கு அவளுடைய குரல் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவு வருவதில்லை. மூன்றாவது பாட்டு மட்டும் ஓர் இடம்கூடப் பிசகாமல் முழுசாக வருகிறது. பாடுவது பாய்.